கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு மடிக்கணினி: தேர்ந்தெடுப்பது முதல் பெட்டியைத் திறப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கலந்தாய்வில் இடம் கிடைத்து, கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கட்டி முடித்த கையோடு பெரும்பாலான குடும்பங்கள் எதிர்கொள்ளும் அடுத்த பெரிய செலவு மடிக்கணினிதான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை என்றால், அந்தப் பணம் பல மாதச் சேமிப்பாகவோ அடகு வைத்த நகையாகவோ இருக்கும். அப்படி வாங்கிய கருவி நான்கு ஆண்டுகள் தாங்க வேண்டும். ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பதால், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்கிய மடிக்கணினிகளைக் கொண்டுவந்து “சார், இது ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?” என்று கேட்கும் மாணவர்களைப் பார்க்கிறேன். அவர்களில் பலர் குறைந்த விலையில் வாங்கியவர்கள் அல்லர். தேவைக்குப் பொருந்தாத இடத்தில் பணத்தைச் செலவிட்டவர்கள். கணினியின் மூளையான செயலியின் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுத்த தொகையை ரேமுக்கும் (திறந்திருக்கும் மென்பொருள்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) திரைக்கும் பேட்டரிக்கும் ஒதுக்கியிருந்தால், அதே விலையில் அவர்களுக்கு நல்ல கருவி கிடைத்திருக்கும்.

தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவரையும் அவருடைய பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கீழே உள்ள படிகளை வரிசையாகப் பின்பற்றுவது நல்லது. கடைக்குப் போவது கடைசியில் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

முதல் படி: பாடத்திட்டத்தைக் கையில் எடுங்கள்

எந்த மடிக்கணினி நல்லது என்று கேட்பதற்கு முன், நான்கு ஆண்டுகளில் எந்தெந்த மென்பொருள்களைப் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக இணையதளத்தில் பாடத்திட்டம் கிடைக்கும். அதைவிட நம்பகமான வழி, அதே கல்லூரியில் அதே துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் கேட்பது. ஆய்வகத்தில் எவை இருக்கின்றன, அறையில் உட்கார்ந்து எவற்றைச் செய்ய வேண்டியிருக்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆய்வகத்திலேயே முடிந்துவிடும் வேலைக்காகச் சொந்தக் கருவியில் பணம் போட வேண்டியதில்லை.

பொறியியலில் சேர்வோருக்கு முக்கியமான ஒரு செய்தி உண்டு. முதல் ஆண்டில் வரும் கணினிப் பாடம் பெரும்பாலும் அடிப்படை நிரலாக்கம்தான். அதற்கு மிகச் சாதாரணமான கணினியே போதும். கனமான மென்பொருள்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுக்குப் பிறகே வருகின்றன. ஆகவே, வகுப்பு தொடங்கும் நாளுக்குள் வாங்கியே ஆக வேண்டும் என்ற பதற்றம் தேவையில்லை. முதல் சில வாரங்கள் வகுப்புக்குப் போய், மூத்த மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டுவிட்டு வாங்கியவர்கள் வருந்தி நான் பார்த்ததில்லை.

துறைவாரியான தேவையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கணினி அறிவியல் மாணவருக்கு நிரல் எழுதும் மென்பொருள்கள் மட்டும் என்றால் எந்தக் கருவியும் போதும். ஆனால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ (கைப்பேசி ஆப் எழுதும் மென்பொருள்), டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பொதியாக இயக்கும் கருவி), மெய்நிகர் இயந்திரங்கள் (கணினிக்குள் இயங்கும் இன்னொரு கணினி) ஆகியவற்றை இயக்கத் தொடங்கும்போது ரேம் பசி கடுமையாகிவிடும். 8 ஜிபி ரேமில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் கணினியிலேயே கைப்பேசியைப் போல இயங்கிக் காட்டும் அதன் எமுலேட்டரையும் உலாவியோடு சேர்த்துத் திறந்தால் கணினி ஏறத்தாழ நின்றுவிடும். கட்டடப் பொறியியலில் ஆட்டோகேட், ரெவிட், ஸ்டாட் ப்ரோ, ஈடேப்ஸ் ஆகியவையும், இயந்திரவியலில் சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ் போன்றவையும் வரும். இவற்றுள் ரெவிட், சாலிட்வொர்க்ஸ், ஈடேப்ஸ் ஆகியவை விண்டோஸுக்காகவே எழுதப்பட்டவை. மின்னணுவியல் மாணவர் பயன்படுத்தும் விவாடோ என்ற சில்லு வடிவமைப்பு மென்பொருள், விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும், மேக்கில் இயங்காது. நிறுவினாலே பல பத்து ஜிபி இடத்தை எடுத்துக்கொள்ளும். கட்டடக்கலை மாணவருக்கு நான் தயங்காமல் தனி கிராபிக்ஸ் அட்டை (காட்சிகளைக் கணக்கிடுவதற்கென்றே உள்ள தனிச் சில்லு) வாங்கச் சொல்வேன். லூமியான் போன்ற காட்சிப்படுத்தும் மென்பொருள்கள் அது இல்லாமல் நகராது.

வணிகவியல் மாணவருக்கு டேலியும் எக்செலும் போதும். டேலி பிரைமைக் கல்விப் பயன்பாட்டு முறையில் கட்டணமின்றி இயக்கிப் பழகலாம். அதில் சில குறிப்பிட்ட தேதிகளில் மட்டுமே பதிவுகள் போட முடியும் என்றாலும் கற்றுக்கொள்வதற்கு அது தடையில்லை. இலக்கியம், வரலாறு, பொருளியல் படிப்பவர்களுக்கு நல்ல திரையும் நல்ல விசைப்பலகையும்தான் முதன்மை. நாள் முழுவதும் பிடிஎஃப் படித்து, பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்பவருக்குச் செயலியின் வேகம் இரண்டாம்பட்சமே.

செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் துறைகளில் சேர்வோரிடம் விலையுயர்ந்த கேமிங் லேப்டாப் கட்டாயம் என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். பயிற்சிக்கான மாதிரிகளைக் கூகுள் கோலாப், காகிள் ஆகிய இணையத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் கிராபிக்ஸ் செயலிகளிலேயே, நேர வரம்புக்கு உட்பட்டு, இயக்கலாம். இளநிலைப் படிப்பில் பெரும்பாலான பயிற்சிகளுக்கு அது போதும்.

இரண்டாம் படி: உண்மையான செலவைக் கணக்கிடுங்கள்

அரசுக் கல்லூரியிலோ அரசு உதவிபெறும் கல்லூரியிலோ சேர்ந்திருந்தால், வாங்குவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. இடையில் நின்றுபோன பின், 2025–26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவிகள் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. உங்கள் கல்லூரிக்கும் உங்கள் ஆண்டுக்கும் அது பொருந்துமா என்று அறிந்துகொண்டு முடிவெடுங்கள். கலை, அறிவியல் மாணவருக்கு அப்படிக் கிடைக்கும் கருவியே போதுமானதாக இருக்கக்கூடும்.

கல்விக் கடன் வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்திய வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவை என்றால் நியாயமான விலையிலான கணினியையும் கடன் தொகையில் சேர்க்க இடமுண்டு. விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்க வேண்டும். கடன் ஒப்புதலான பின் கேட்டால் காலம் இழுக்கும். கடைகளில் கிடைக்கும் மாதத் தவணையைவிட இந்த வழி பெரும்பாலும் குடும்பத்துக்கு எளிது, ஏனெனில் திருப்பிச் செலுத்துவது படிப்பு முடிந்த பிறகே தொடங்கும்.

வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் செய்யப்படும் திட்டங்களில், வட்டிக்குச் சமமான தொகை விலையில் தள்ளுபடியாகக் காட்டப்பட்டு, பின்னர் வட்டியாகவே வசூலிக்கப்படுகிறது. அந்த வட்டியின் மீது 18% ஜிஎஸ்டியும், சில நேரங்களில் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில்தான் விழும். மேலும், முழுப்பணமும் கொடுத்தால் கிடைக்கும் உடனடித் தள்ளுபடி தவணையில் கிடைக்காமல் போகலாம். இரண்டு கணக்கையும் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

ஒதுக்கிய பணம் முழுவதையும் கருவிக்கே செலவிட்டுவிடக் கூடாது. அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்தால் நல்ல பை, மவுஸ், காப்புப்பிரதி எடுக்க ஒரு வெளிச்சேமிப்பகம், முடிந்தால் நீட்டித்த உத்தரவாதம் ஆகியவற்றுக்கு உதவும்.

மூன்றாம் படி: செயலியின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பணம் அதிகமாக வீணாவது இங்கேதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். ‘ஐ5’, ‘ஐ7’, ‘ரைசன் 5’ என்பவை வரிசையின் பெயர்கள் மட்டுமே. உண்மையான தகவல் அதற்குப் பின்னால் வரும் எண்ணிலும் கடைசி எழுத்திலும் இருக்கிறது. கடைக்காரர் “ஐ7 சார்” என்று நிறுத்திவிட்டால், முழு எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்டெலின் 12-ஆம் தலைமுறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஐ5-1235யு என்ற செயலியிலும் ஐ7-1255யு என்ற செயலியிலும் கோர்களின் (செயலிக்குள் கணக்கிடும் தனித்தனி அலகுகள்) எண்ணிக்கை ஒன்றே: வேகமான கோர்கள் 2, சிக்கனமான கோர்கள் 8. உச்ச வேகத்திலும் உள்ளமைந்த கிராபிக்ஸிலும் மட்டும் சிறிய வேறுபாடு உண்டு. ஆனால் ஐ5-12450எச் என்பதில் வேகமான கோர்கள் 4, சிக்கனமானவை 4. நீண்ட நேரம் கனமான கணக்கீடு செய்யும் வேலையில் இந்த ஐ5, முன் சொன்ன ஐ7-ஐ முந்திவிடும். ‘யு’ என்று முடிபவை மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுபவை, பேட்டரி நீடிக்கும். ‘எச்’ என்று முடிபவை ஆற்றல் மிக்கவை, சூடும் மின்செலவும் அதிகம். வகுப்பறையிலிருந்து நூலகத்துக்கும் அங்கிருந்து விடுதிக்கும் அலையும் மாணவருக்கு யு வரிசையே ஏற்றது. மேசையிலேயே வைத்து ரெவிட்டும் ஆன்சிஸும் இயக்குபவருக்கு எச் வரிசை.

ஏஎம்டி செயலிகளில் 7000 வரிசைக்கு இன்னும் கவனம் வேண்டும். அந்த நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம் வெளியான ஆண்டையும் மூன்றாம் இலக்கம் உள்ளே இருக்கும் கட்டமைப்பையும், அதாவது வடிவமைப்பின் தலைமுறையையும் குறிக்கின்றன. ரைசன் 5 7520யு என்பது 2023-ஆம் ஆண்டுக்கான வரிசை. ஆனால் மூன்றாம் இலக்கம் 2 என்பதால் உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 கட்டமைப்பு, அதுவும் 4 கோர்கள் மட்டுமே. அதற்கு அருகிலேயே அடுக்கில் இருக்கும் ரைசன் 5 7530யு ஜென் 3 கட்டமைப்பில் 6 கோர்கள் கொண்டது. பத்து என்ற வேறுபாடு சிறியதாகத் தெரியும். பயன்பாட்டில் அது ஒரு தலைமுறை வேறுபாடு. இரண்டுக்கும் விலை நெருக்கமாக இருக்கும்போது 7520யு-வை எடுத்துவந்துவிட்ட மாணவர்களைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்திருக்கிறது, ஏனெனில் யாரோ ஒருவர் அந்த ஓர் எண்ணைப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும்.

இரு நிறுவனங்களும் 2023-இன் இறுதிக்குப் பிறகு பெயரிடும் முறையை மாற்றிக்கொண்டே வருகின்றன. கோர் அல்ட்ரா, ரைசன் ஏஐ என்று புதிய பெயர்கள் வந்துவிட்டன. எந்தப் பெயரானாலும் நீங்கள் பார்க்க வேண்டியவை கட்டமைப்பு வெளியான ஆண்டு, கோர்களின் எண்ணிக்கை, எந்த வரிசை என்பவைதாம். செயலி நிறுவனத்தின் இணையதளத்தில் முழு எண்ணைத் தேடினால் இவை ஒரே பக்கத்தில் கிடைக்கும். செலரான், அத்லான், இன்டெல் என் வரிசை ஆகியவற்றைக் கல்லூரிப் படிப்புக்கு நான் பரிந்துரைப்பதில்லை. இணையம் பார்க்கவும் கட்டுரை எழுதவும் அவை போதும், மூன்றாம் ஆண்டில் போதாது.

நான்காம் படி: ரேமும் சேமிப்பகமும்

பணம் இருந்தால் முதலில் இங்கே செலவிடுங்கள். இன்று கல்லூரி மாணவருக்கு 16 ஜிபி ரேம் என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். கலைத்துறை மாணவருக்கு 8 ஜிபியில் இப்போதைக்கு ஓடிவிடும் என்றாலும், பின்னர் 16 ஆக்கும் வசதி உள்ள கருவியாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி, ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, கழற்றி மாற்றும் இடம் இருக்கிறதா என்பதுதான். பற்றவைக்கப்பட்ட 8 ஜிபி, கருவியின் ஆயுள் முழுவதும் 8 ஜிபிதான். மெல்லிய கருவிகள் பலவற்றில் நிலைமை இதுவே. மேலே சொன்ன 7520யு செயலியோடு வரும் கருவிகளிலும் ரேம் பற்றவைக்கப்பட்டே வருகிறது.

இரண்டு இடங்கள் இருந்து ஒன்றில் மட்டும் ரேம் வந்திருந்தால், அதே அளவில் இன்னொன்றைச் சேர்ப்பதால் இரட்டை நன்மை. கொள்ளளவு கூடுவதோடு, இரண்டு பாதைகளில் தரவு செல்வதால் தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கருவிகளில் காட்சிகளின் வேகமும் கூடும். டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் வகைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதால் எது இருக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலக அளவில் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அவற்றை வாங்கிக் குவிப்பதே காரணம். எனவே, பின்னர் குறைந்த விலையில் ரேம் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பழைய அறிவுரையை அப்படியே நம்பாமல், வாங்கும் நாளில் 16 ஜிபி கருவிக்கும் 8 ஜிபி கருவிக்கும் உள்ள விலை வேறுபாட்டைத் தனி ரேமின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சேமிப்பகம் எஸ்எஸ்டியாக (சுழலும் தட்டு இல்லாத வேகமான வகை), அதிலும் இன்னும் வேகமான என்விஎம்இ வகையாக இருக்க வேண்டும். மலிவான சில கருவிகளில் வரும் இஎம்எம்சி என்பது கைப்பேசிகளில் பயன்பட்ட மெதுவான வகை, அது வேண்டாம். அளவு 512 ஜிபி. வீட்டுக்கு வந்து பார்த்தால் 476 ஜிபி என்றுதான் காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்கு ஓட வேண்டாம். தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஐ மும்முறை பெருக்கிக் கணக்கிடுகிறது. வேறுபாடு அதனால் வருவது.

ஐந்தாம் படி: கிராபிக்ஸ் அட்டை வேண்டுமா?

கட்டடக்கலை, காட்சித் தொடர்பியல், முப்பரிமாண வடிவமைப்பு, கனமான பொறியியல் உருவகப்படுத்தல் (சிமுலேஷன்) ஆகியவற்றுக்கு வேண்டும். மற்றவர்களுக்குத் தேவையில்லை, எடை கூடும், பேட்டரி விரைவில் தீரும், விசிறி இரையும். வேண்டுமென்று முடிவு செய்தால் என்விடியாவைத் தேர்ந்தெடுங்கள். கூடா (CUDA) என்ற அதன் நிரலாக்கத் தளத்தை நம்பியே பல அறிவியல் மென்பொருள்களும் ஆழ்கற்றல் கருவிகளும் எழுதப்பட்டுள்ளன.

ஒரே பெயருள்ள அட்டை இரண்டு கருவிகளில் ஒரே வேகத்தில் இயங்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4050 மடிக்கணினி அட்டைக்கு 35 முதல் 115 வாட் வரை மின்னாற்றல் ஒதுக்கத் தயாரிப்பாளர்களுக்கு அனுமதி உண்டு. விவரப்பட்டியலில் டிஜிபி என்று குறிப்பிடப்படும் வாட் அளவைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அட்டையின் சொந்த நினைவகம் 4 ஜிபியாக இருப்பதைவிட 6 ஜிபியாவது இருப்பது நல்லது.

ஆறாம் படி: கண்ணும் கையும் தோளும்

நான்கு ஆண்டுகள் நாள்தோறும் பார்க்கப் போவது திரையை. ஆனால் விளம்பரத்தில் கடைசி வரியில் அது இருக்கும். 1920 × 1080 புள்ளிகள் என்பது குறைந்தபட்சம். உயரம் சற்றுக் கூடிய 1920 × 1200 கிடைத்தால் நிரல் எழுதுவதற்கும் பக்கங்களைப் படிப்பதற்கும் வசதி. ஐபிஎஸ் வகைத் திரையாக இருக்கட்டும். டிஎன் வகையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மாறிவிடும். வெளிச்சம் நிட்ஸ் என்ற அலகில் குறிக்கப்படும்: 250 நிட்ஸ் அறைக்குள் போதும், சன்னலோரத்திலோ மரத்தடியிலோ உட்கார்ந்து படிப்பவருக்கு 300-க்கு மேல் வேண்டும். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்பவை திரை காட்டும் நிறங்களின் அளவுகோல்கள்: 45% என்டிஎஸ்சி என்று எழுதியிருந்தால் வண்ணங்கள் வெளிறித் தெரியும். படத்தொகுப்பும் வடிவமைப்பும் படிப்பவர்கள் 100% எஸ்ஆர்ஜிபி உள்ள திரையையே வாங்க வேண்டும், இல்லையெனில் தாங்கள் திருத்திய நிறம் அச்சில் வேறாக வருவதைக் கண்டு குழம்புவார்கள்.

விசைப்பலகையை ஒரு முறையாவது தொட்டுப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் வாங்குவதாக இருந்தாலும் அதே மாதிரியைக் கடைக்குச் சென்று ஒரு பத்தி தட்டச்சு செய்து பார்ப்பதில் தவறில்லை. எடை மற்றொன்று. 15.6 அங்குலக் கருவிகள் பொதுவாக 1.6 முதல் 1.8 கிலோ வரை இருக்கும். கேமிங் கருவிகள் 2.3 கிலோவைத் தாண்டி, அவற்றின் சார்ஜரே அரைக் கிலோ வரை வரும். பேருந்தில் நின்றுகொண்டு ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து கல்லூரிக்குச் செல்லும் மாணவிக்கு அந்த எடை நான்கு ஆண்டு வேதனை. அவருக்கு 14 அங்குலக் கருவியே பொருத்தம்.

ஏழாம் படி: பேட்டரியும் சார்ஜரும்

‘10 மணி நேரம் நீடிக்கும்’ என்பதை விட்டுவிட்டு, பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலைக் குறிக்கும் வாட்-மணி அளவைப் பாருங்கள். சாதாரணப் பயன்பாட்டில் ஒரு யு வரிசைக் கருவி சராசரியாக 8 வாட் செலவழிப்பதாகக் கொண்டால், 42 வாட்-மணி பேட்டரி ஏறக்குறைய ஐந்து மணி நேரமும், 56 வாட்-மணி பேட்டரி ஏழு மணி நேரமும் தரும். காணொளி ஓடினால், திரை வெளிச்சம் கூடினால் இது குறையும். நாள் முழுவதும் வகுப்பில் இருப்பவருக்கு 50 வாட்-மணிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. எல்லா வகுப்பறைகளிலும் மாணவரின் இருக்கைக்கு அருகில் மின்செருகி இருப்பதில்லை.

டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் கருவி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சார்ஜரை ஊரில் மறந்துவிட்டு வந்தாலும் அறை நண்பரிடம் வாங்கிச் சமாளிக்கலாம். ஆனால் டைப்-சி துளை இருப்பதாலேயே அதில் சார்ஜ் ஏறும் என்று பொருளில்லை. விவரப்பட்டியலில் பவர் டெலிவரி என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். எப்போதும் மின்இணைப்பிலேயே வைத்துப் பயன்படுத்துபவர்கள், தயாரிப்பாளரின் மென்பொருளில் சார்ஜை 80% அளவில் நிறுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். பேட்டரியின் ஆயுள் கூடும்.

எட்டாம் படி: இயங்குதளம்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ அதிகாரப்பூர்வமாக நிறுவ இன்டெலில் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி மடிக்கணினிச் செயலிகளில் ரைசன் 3000 வரிசை, அல்லது அவற்றுக்குப் பிந்தைய செயலியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் தேவை. பழைய கருவி வாங்குவோர் இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘டாஸ்’ என்று குறிப்பிட்டுச் சற்று மலிவாக விற்கப்படும் கருவிகளில் விண்டோஸ் உரிமம் இருக்காது. லினக்ஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது இலாபம், மற்றவர்களுக்கு இல்லை.

ஆப்பிளின் மேக்புக் ஏர் பேட்டரியிலும் திரையிலும் கட்டமைப்பிலும் சிறந்த கருவி. 2024 அக்டோபரிலிருந்து அதன் அடிப்படை மாதிரியே 16 ஜிபி நினைவகத்துடன் வருகிறது. கணினி அறிவியல், இதழியல், இலக்கியம் ஆகியவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். ஐபோன் ஆப் எழுத அது கட்டாயமும்கூட. இயந்திரவியல், கட்டடப் பொறியியல், மின்னணுவியல் மாணவர்கள் அதை வாங்க வேண்டாம். முதல் படியில் சொன்ன மென்பொருள்களே காரணம். ஸ்நாப்டிராகன் செயலியுள்ள விண்டோஸ் கருவிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: பேட்டரி அருமையாக நீடிக்கும், ஆனால் துறைசார்ந்த பழைய மென்பொருள்களும் சில ஆய்வகக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் டிரைவர் மென்பொருள்களும் அதில் ஓடாமல் போகக்கூடும்.

மென்பொருளுக்காகத் திருட்டுப் பிரதியை நாட வேண்டிய தேவை மாணவருக்கு இல்லை. ஆட்டோகேட், ரெவிட் ஆகியவற்றைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முறையில் இலவசமாக வழங்குகிறது. ஆன்சிஸுக்கு மாணவர் பதிப்பு உண்டு. கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால் கிட்ஹப், ஜெட்பிரெயின்ஸ் போன்றவற்றின் மாணவர் சலுகைகளும் கிடைக்கும். கிராக் செய்த மென்பொருளோடு வந்த தீநிரலால் இறுதியாண்டுத் திட்ட அறிக்கையை இழந்த மாணவர் ஒருவருடன் இரவெல்லாம் உட்கார்ந்து கோப்புகளை மீட்க முயன்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மீட்க முடியவில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சொல்: தமிழ்நாடு அரசு 1999-இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை அமைப்பு விண்டோஸ் 11-இலும் மேக்கிலும் உள்ளேயே வருகிறது. மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். தனி மென்பொருள் வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: பழைய கருவியையும் எண்ணிப் பாருங்கள்

பணம் குறைவாக இருக்கும் குடும்பத்துக்கு மலிவான புதிய கருவியைவிட, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் போன்றவை பல நேரங்களில் மேல். அலுவலகப் பயன்பாட்டுக்காக உறுதியாகக் கட்டப்பட்டவை, விசைப்பலகை நன்றாக இருக்கும், உதிரிபாகமும் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவில் இவற்றை விற்பதற்கென்றே கடைகள் உண்டு. அங்கே போகும்போது விவரம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இன்டெல் செயலி 8-ஆம் தலைமுறைக்கு முந்தையதாக இருந்தால் விலையே கேட்காதீர்கள். விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுத்து, தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். 70%-க்குக் கீழே இருந்தால் புதிய பேட்டரிக்கான விலையைக் கழித்துக் கேளுங்கள். கணினி தொடங்கும்போதே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பு முன்னைய நிறுவனத்தின் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று இயக்கிப் பார்ப்பதும் அவசியம். பில்லும் எழுத்தில் உத்தரவாதமும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

பத்தாம் படி: வாங்குதலும் பெட்டியைத் திறத்தலும்

இரண்டு மூன்று மாதிரிகளாகச் சுருக்கிக்கொண்ட பிறகே கடைக்கோ இணையத்துக்கோ செல்ல வேண்டும். ஒரே பெயரில் பத்து உள்மாதிரிகள் இருக்கும் என்பதால் மாதிரியின் முழுக் குறியீட்டையும் எழுதி வைத்து விலையை ஒப்பிடுங்கள். ஜூன், ஜூலையில் கல்லூரித் திறப்புச் சலுகையும், செப்டம்பர் இறுதியிலிருந்து தீபாவளி வரை பண்டிகைச் சலுகையும் வருவது வழக்கம். முதல் பருவத்தைச் சமாளிக்க முடிந்தவர்கள் இரண்டாவதற்குக் காத்திருக்கலாம்.

வாங்குவதற்கு முன், படிக்கும் ஊரில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய ஊர்களில் படிப்பவர்களுக்கு ஆன்-சைட் உத்தரவாதம், அதாவது பொறியாளர் நம் இடத்துக்கே வந்து பழுதுபார்க்கும் முறை, பெரிய உதவி. சாதாரண உத்தரவாதம் கீழே விழுவதையும் தண்ணீர் பட்டதையும் ஏற்காது. விடுதி மாணவருக்கு விபத்துப் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்வது பணத்துக்குப் பெறுமானமானது.

இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை வெட்டில்லாமல் காணொளி எடுங்கள். பெட்டி மீதுள்ள வரிசை எண்ணும் கருவியின் அடிப்பகுதியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு உத்தரவாதம் தொடங்கிய நாளைப் பாருங்கள். சில மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தால், பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம். பிறகு ரேம், எஸ்எஸ்டி, செயலி மூன்றும் விளம்பரத்தில் சொன்னபடி உள்ளனவா என்றும், வெள்ளை, கறுப்பு, சிவப்புப் படங்களைத் திரை முழுவதும் காட்டி இறந்த புள்ளிகள் உள்ளனவா என்றும், எல்லா விசைகளும் துளைகளும் கேமராவும் ஒலிபெருக்கியும் இயங்குகின்றனவா என்றும் சோதியுங்கள். திருப்பியனுப்பும் காலம் பெரும்பாலும் சில நாட்களே என்பதால் இதை அன்றே முடிக்க வேண்டும். குறையைச் சரிசெய்ய மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இணையவழி வாங்குதலுக்கும் பொருந்தும். உடன் ஆபீஸ் மென்பொருள் வந்திருந்தால் குறிப்பிட்ட காலத்துக்குள் அதைச் செயல்படுத்திவிடுங்கள்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

புதிய விண்டோஸ் 11 கருவிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தவுடன் சேமிப்பகம் தானாகவே குறியாக்கம் செய்யப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதைத் திறக்கும் மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். கடைக்காரர் தன் கணக்கை இட்டு அமைத்துக் கொடுத்தால் சாவி அவரிடம் போய்விடும். ஆகவே மாணவரின் சொந்த மின்னஞ்சலைக் கொண்டே அமையுங்கள்; கணக்கில் நுழைந்து அந்த 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். தாய்ப்பலகை பழுதாகி மாற்றும் நாளில் அந்த எண் இல்லாவிட்டால் எஸ்எஸ்டி நன்றாக இருந்தும் கோப்புகள் திறக்காது.

காப்புப்பிரதியை இரண்டு இடங்களில் வைக்க வேண்டும்: ஒன்று மேகச் சேமிப்பில், மற்றொன்று அறையில் தனியே வைத்திருக்கும் வெளிச்சேமிப்பகத்தில். வாரத்துக்கு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு செய்தால் பழகிவிடும். மெத்தை மீதும் தலையணை மீதும் வைத்து இயக்கினால் அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டு வெப்பம் ஏறும். விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் அடியில் ஒரு பரீட்சை அட்டையையாவது வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தூசிக்கு ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் விசிறியைத் துடைக்கச் சொல்வது நல்லது. உத்தரவாதக் காலத்தில் அதை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலேயே செய்துகொள்ளுங்கள்.